ஏலமலைச் சரிவுகளில் சுற்றளவு, பரப்பளவு, வடிவியல் நிகழ்தகவு

சுற்றளவு, பரப்பளவு, வடிவியல் நிகழ்தகவு ஆகிய மூன்றும் பள்ளிக் கணிதத்தில் தனித்தனிப் பாடங்களாகக் கற்பிக்கப்படுகின்றன. அன்றாட வாழ்வில் இவை பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. ஒரு நிலத்தைச் சுற்றி வேலி போடுவதற்குச் சுற்றளவும், அந்த நிலத்தை விலை பேசுவதற்குப் பரப்பளவும், ஒரு நிகழ்வு அந்த நிலத்தின் எப்பகுதியில் நிகழும் என்று மதிப்பிடுவதற்கு வடிவியல் நிகழ்தகவும் தேவைப்படுகின்றன. ஒன்றைக் கொண்டு மற்றொன்றைத் தீர்மானித்துவிடலாம் என்று கருதுவதே இத்துறையில் பொதுவாக நேரும் பிழையாகும்.

தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூரும் அதற்கு மேற்கே கேரள எல்லையை ஒட்டி உயரும் ஏலமலைச் சரிவுகளும் இக்கருத்துகளை விளக்க ஏற்ற பகுதியாகும். இங்கு நிலம் சரிவானது; தோட்டங்கள் ஏக்கர், சென்ட் கணக்கில் கைமாறுகின்றன; ஏலக்காய் சல்லடையில் தரம் பிரிக்கப்பட்டு ஏலத்துக்கு வருகிறது. இந்திய நறுமணப் பொருள் வாரியத்தின் (ஸ்பைசஸ் போர்டு) மின்னணு ஏல மையங்கள் போடிநாயக்கனூரிலும், கேரளத்தின் வண்டன்மேடு அருகேயுள்ள புற்றடியிலும் இயங்குகின்றன.

அடிப்படை வரையறைகள்

சுற்றளவு என்பது ஒரு மூடிய உருவத்தின் எல்லைக்கோட்டின் மொத்த நீளமாகும். இது மீட்டர், அடி போன்ற நீள அலகுகளில் அளக்கப்படும். பரப்பளவு என்பது அந்த எல்லைக்கு உள்ளே அடங்கும் தளத்தின் அளவாகும். இது சதுர மீட்டர், சதுர அடி, ஏக்கர் போன்ற அலகுகளில் அளக்கப்படும்.

வடிவியல் நிகழ்தகவு என்பது நீளம், பரப்பளவு அல்லது கன அளவுகளின் விகிதமாகக் கணக்கிடப்படும் நிகழ்தகவாகும். ஒரு தளத்தில் எங்கு வேண்டுமானாலும் ஒரு புள்ளி சம வாய்ப்புடன் விழலாம் என்றால், அது குறிப்பிட்ட பகுதிக்குள் விழும் நிகழ்தகவு, அப்பகுதியின் பரப்பளவை மொத்தப் பரப்பளவால் வகுக்கக் கிடைக்கும் எண் ஆகும். "சம வாய்ப்புடன்" என்ற நிபந்தனை இதில் இன்றியமையாதது.

நில அலகுகள்

பிரித்தானியர் காலத்து நில அளவையில் 66 அடி நீளமுள்ள சங்கிலி பயன்படுத்தப்பட்டது. எட்மண்ட் குந்தர் என்ற ஆங்கிலக் கணிதவியலாளரின் பெயரால் இது குந்தர் சங்கிலி எனப்படும். இதில் 100 கண்ணிகள் உண்டு. ஒரு சங்கிலி நீளமும் ஒரு சங்கிலி அகலமும் கொண்ட சதுரத்தின் பரப்பளவு 66 × 66 = 4,356 சதுர அடி ஆகும். இத்தகைய 10 சதுரங்கள் சேர்ந்தது ஓர் ஏக்கர், அதாவது 43,560 சதுர அடி. ஏக்கரில் நூறில் ஒரு பங்கு சென்ட், அதாவது 435.6 சதுர அடி. எனவே ஒரு சதுரச் சங்கிலி என்பது சரியாக 10 சென்ட் ஆகும்.

மெட்ரிக் முறையில் ஓர் ஏக்கர் சுமார் 4,047 சதுர மீட்டர். 100 சதுர மீட்டர் ஓர் ஏர். 100 ஏர் ஒரு ஹெக்டேர். ஒரு ஹெக்டேர் சுமார் 2.47 ஏக்கர். தமிழ்நாட்டின் பட்டாக்களில் பரப்பளவு ஹெக்டேர், ஏர் அலகுகளில் குறிக்கப்படுகிறது. பேச்சு வழக்கிலும் விலை பேசுவதிலும் ஏக்கரும் சென்ட்டுமே புழங்குகின்றன.

ஒரே பரப்பளவு, வெவ்வேறு சுற்றளவு

பரப்பளவு ஒன்றாக இருந்தாலும் வடிவத்தைப் பொறுத்துச் சுற்றளவு பெரிதும் மாறும். ஓர் ஏக்கர் சமதள நிலத்தின் சுற்றளவு வெவ்வேறு வடிவங்களில் பின்வருமாறு அமையும்:

- வட்டம்: சுமார் 225.5 மீ
- சதுரம் (பக்கம் 63.6 மீ): சுமார் 254.5 மீ
- 40 மீ அகலமுள்ள செவ்வகம்: சுமார் 282 மீ
- 20 மீ அகலமுள்ள செவ்வகம்: சுமார் 445 மீ
- 10 மீ அகலமுள்ள செவ்வகம்: சுமார் 829 மீ

ஐந்தும் ஓர் ஏக்கர்தான். விளைச்சல் தரும் இடமும் ஒன்றுதான். ஆனால் 10 மீ அகலமுள்ள நீண்ட துண்டுக்கு வேலி போடுபவர், சதுர நிலத்துக்கு வேலி போடுபவரைவிட மூன்று மடங்குக்கும் மேல் கம்பி வாங்க வேண்டும். 3 மீட்டருக்கு ஒரு தூண் என்று நட்டால் சதுரத்துக்கு 85 தூண்களும், நீண்ட துண்டுக்கு 277 தூண்களும் தேவைப்படும். ஆகவே வேலிச் செலவு சுற்றளவைப் பொறுத்தது. விளைச்சல் பரப்பளவைப் பொறுத்தது.

ஒரு குறிப்பிட்ட பரப்பளவைச் சூழும் உருவங்களுள் மிகக் குறைந்த சுற்றளவு கொண்டது வட்டமாகும். இதையே மாற்றிச் சொன்னால், ஒரு குறிப்பிட்ட நீளமுள்ள வேலியால் அடைக்கக்கூடிய மிகப் பெரிய நிலம் வட்ட வடிவிலேயே இருக்கும். இது சமச்சுற்றளவுத் தேற்றம் எனப்படுகிறது. வட்டமான நிலம் நடைமுறையில் கிடைப்பதில்லை. செவ்வகங்களுக்குள் சதுரமே குறைந்த சுற்றளவு கொண்டது.

நிலத்தின் அளவும் இதில் பங்கு வகிக்கிறது. சதுரத்தின் பக்கத்தை இரு மடங்காக்கினால் சுற்றளவு இரு மடங்காகும். பரப்பளவு நான்கு மடங்காகும். அரை ஏக்கர் சதுர நிலத்துக்கு வேலி 180 மீ, அதாவது ஏக்கர் ஒன்றுக்கு 360 மீ என்ற கணக்கு. நான்கு ஏக்கர் சதுரத்துக்கு ஏக்கர் ஒன்றுக்கு 127 மீ. பதினாறு ஏக்கருக்கு 64 மீ மட்டுமே. காட்டுப்பன்றிக்கும் யானைக்கும் அஞ்சி வேலி போடும் சிறு விவசாயி, பெரிய தோட்டக்காரரைவிட ஏக்கர் ஒன்றுக்குப் பல மடங்கு செலவு செய்ய நேர்வது இதனால்தான். அடுத்தடுத்த நிலத்துக்காரர்கள் நால்வர் சேர்ந்து ஒரே வெளிவேலி போட்டுக்கொண்டால் ஒவ்வொருவர் செலவும் பாதியாகக் குறையும்.

பாகப்பிரிவினை

நான்கு ஏக்கர் சதுர நிலத்தை உடன்பிறந்தார் நால்வர் பிரித்துக்கொள்வதாகக் கொள்வோம். நிலத்தின் பக்கம் சுமார் 127 மீ. குறுக்கும் நெடுக்குமாக இரு கோடுகள் போட்டு நான்கு சதுரங்களாகப் பிரித்தால் உள்வேலி 2 × 127 = 254 மீ. மேலிருந்து கீழாக நான்கு பட்டைகளாகப் பிரித்தால் உள்வேலி 3 × 127 = 381 மீ. பங்கு இரண்டிலும் ஆளுக்கு ஓர் ஏக்கரே. வேலி மட்டும் பட்டைப் பிரிவில் 127 மீ கூடுகிறது.

ஆயினும் மலைச்சரிவில் பட்டைப் பிரிவையே பலர் விரும்புவதற்குக் காரணம் உண்டு. மேலே பாதையும் கீழே ஓடையும் உள்ள நிலத்தில், மேலிருந்து கீழாக வகுத்த பட்டைகளில் ஒவ்வொருவருக்கும் பாதையும் தண்ணீரும் கிடைக்கும். நான்கு சதுரங்களாகப் பிரித்தால் இருவருக்குப் பாதை இல்லை. இருவருக்குத் தண்ணீர் இல்லை. பிறகு நடைபாதை உரிமை குறித்து வழக்கு எழும். கூடுதலாகப் போடும் 127 மீ வேலியை அந்த வழக்கைத் தவிர்க்கும் செலவாகக் கொள்ளலாம்.

சரிவு நிலத்தின் பரப்பளவு

நில அளவையிலும் பட்டாவிலும் குறிக்கப்படுவது கிடைமட்டப் பரப்பளவாகும். அதாவது நிலத்துக்கு நேர் மேலிருந்து பார்த்தால் தெரியும் பரப்பு. சரிவின் மேல் நடந்து அளக்கும் பரப்பு இதைவிட அதிகமாக இருக்கும். சரிவில் நாடாவைக் கிடைமட்டமாகப் பிடித்து, தூக்குக்குண்டால் புள்ளியை இறக்கி, படி படியாக அளப்பது பழைய முறை. இன்றைய அளவைக் கருவிகள் சாய்கோணத்தையும் சேர்த்து அளந்து கிடைமட்டத் தொலைவைக் கணக்கிட்டுத் தருகின்றன.

கிடைமட்டத் தொலைவு = சரிவுத் தொலைவு × சாய்கோணத்தின் கொசைன். ஒரு திசையில் மட்டும் சரிந்த நிலத்தில், கிடைமட்டப் பரப்பைவிடச் சரிவுப் பரப்பு எவ்வளவு கூடும் என்பதைக் கீழ்க்காணும் எண்கள் காட்டும்:

- 10 பாகைச் சரிவு: 1.5 விழுக்காடு
- 20 பாகைச் சரிவு: 6.4 விழுக்காடு
- 30 பாகைச் சரிவு: 15.5 விழுக்காடு
- 40 பாகைச் சரிவு: 30.5 விழுக்காடு

30 பாகைச் சரிவில் நாடாவைத் தரையோடு படுக்க வைத்து அளந்து, "ஓர் ஏக்கர்" என்று விலை பேசி ஒருவர் நிலம் வாங்கினால், முறையான அளவையில் அவருக்கு 86.6 சென்ட் மட்டுமே வரும். யாரும் எல்லைக்கல்லை நகர்த்தவில்லை. ஆனாலும் 13 சென்ட்டுக்கு மேல் குறைகிறது. வாங்குபவர் கிரயத்துக்கு முன்பே அளவை எப்படி எடுக்கப்பட்டது என்று கேட்டறிவது நல்லது.

எந்தப் பரப்பளவைப் பயன்படுத்த வேண்டும் என்பது கேள்வியைப் பொறுத்தது.

விலை, வரி, பட்டா ஆகியவற்றுக்குக் கிடைமட்டப் பரப்பு. செங்குத்தாகப் பெய்யும் மழைக்கும் கிடைமட்டப் பரப்புதான்: 10 மி.மீ. மழை பெய்தால் ஓர் ஏக்கர் நிலம் சமதளமாயினும் சரிவாயினும் ஏறத்தாழ 40,500 லிட்டர் நீரையே பெறும்.

வேலிக்குச் சரிவு நீளம். கிடைமட்டத்தில் சதுரமான ஓர் ஏக்கர், 30 பாகைச் சரிவில் இருந்தால், சரிவை ஒட்டிய இரு பக்கங்களும் 63.6 மீட்டரிலிருந்து 73.4 மீட்டராக நீளும். வேலி 254.5 மீட்டருக்குப் பதிலாக 274 மீட்டர் வேண்டும். பட்டாவைப் பார்த்துக் கம்பி வாங்கினால் 20 மீட்டர் பற்றாக்குறை ஏற்படும்.

களையெடுப்பு, மருந்து தெளிப்பு ஆகிய வேலைகளுக்குச் சரிவுப் பரப்பு. வேலையாள் நடப்பது தரையின் மேல். வரைபடத்தின் மேல் அன்று.

செடிகளின் எண்ணிக்கை, இடைவெளியை எப்படி அளக்கிறார்கள் என்பதைப் பொறுத்து மாறும். 8 அடிக்கு 8 அடி இடைவெளியில் ஒரு செடிக்கு 64 சதுர அடி. கிடைமட்டமாக அளந்து நட்டால் ஏக்கருக்குச் சுமார் 680 செடிகள். 30 பாகைச் சரிவில் தரையோடு அளந்து நட்டால் சுமார் 785 செடிகள். நாற்று வாங்கும் முன் இதைத் தெளிவுபடுத்திக்கொண்டால் நூறு நாற்றுக்கு மேல் கூடுவதையோ குறைவதையோ தவிர்க்கலாம்.

வடிவியல் நிகழ்தகவு: நாணயமும் சல்லடையும்

வடிவியல் நிகழ்தகவின் தொடக்கக் கணக்குகளுள் ஒன்று, பிரெஞ்சு இயற்கையியலாளர் பஃபோன் 1733-இல் பாரிசு அறிவியல் கழகத்தில் முன்வைத்து 1777-இல் அச்சில் வெளியிட்டது ஆகும். சதுரக் கற்கள் பதித்த தரையில் நாணயத்தைச் சுண்டினால், அது எந்தக் கோட்டையும் தொடாமல் ஒரே கல்லுக்குள் விழும் வாய்ப்பு என்ன என்பது கேள்வி.

நாணயத்தின் மையம் எங்கு விழுகிறது என்பதைக் கவனித்தால் விடை எளிதாகும். 30 செ.மீ. பக்கமுள்ள தரைக்கல்லின் மேல் 27 மி.மீ. விட்டமுள்ள பத்து ரூபாய் நாணயம் கோட்டைத் தொடாமல் விழ, அதன் மையம் ஒவ்வொரு விளிம்பிலிருந்தும் குறைந்தது 13.5 மி.மீ. உள்ளே இருக்க வேண்டும். அதாவது 273 மி.மீ. பக்கமுள்ள உட்சதுரத்துக்குள் விழ வேண்டும். நிகழ்தகவு (273 ÷ 300) × (273 ÷ 300) = 0.828. நூறு முறை சுண்டினால் ஏறத்தாழ 83 முறை கோட்டைத் தொடாது.

இதே கணக்கு ஏலக்காய்ச் சல்லடையிலும் மறைந்திருக்கிறது. உலர்ந்த ஏலக்காய் 8 மி.மீ., 7 மி.மீ. என்று துளை அளவுள்ள சல்லடைகளில் தரம் பிரிக்கப்படுகிறது. 8 மி.மீ. துளையில் விழாமல் மேலே நிற்கும் பருமனான காய்க்கு விலை அதிகம். 7 மி.மீ. விட்டமுள்ள காயும் 8 மி.மீ. விட்டமுள்ள காயும் ஒரே வடிவுடையவை என்றால், கன அளவில் பெரிய காய் சுமார் ஒன்றரை மடங்கு இருக்கும். ஒரு மில்லிமீட்டர் வேறுபாட்டுக்கு வியாபாரிகள் இவ்வளவு மதிப்புத் தருவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

கணக்கை எளிதாக்கக் காயை உருண்டையாகக் கொள்வோம். 8 மி.மீ. துளைகள் 12 மி.மீ. இடைவெளியில் சதுரமாக அடுக்கப்பட்ட சல்லடை என்றும் கொள்வோம். காய் துளையின் விளிம்பில் படாமல் நேரே விழ வேண்டுமானால், அதன் மையம் துளையின் நடுவே ஒரு சிறு வட்டத்துக்குள் அமைய வேண்டும். அந்த வட்டத்தின் விட்டம், துளை விட்டத்திலிருந்து காயின் விட்டத்தைக் கழித்தது. 6 மி.மீ. காய்க்கு அது 2 மி.மீ.; 7 மி.மீ. காய்க்கு 1 மி.மீ.; 7.5 மி.மீ. காய்க்கு அரை மி.மீ. ஒவ்வொரு துளைக்கும் உரிய சல்லடைப் பரப்பு 12 × 12 = 144 சதுர மி.மீ. ஆகவே ஒரு குலுக்கலில் விழும் நிகழ்தகவு:

- 6 மி.மீ. காய்: 3.14 ÷ 144 = 2.2 விழுக்காடு
- 7 மி.மீ. காய்: 0.785 ÷ 144 = 0.55 விழுக்காடு
- 7.5 மி.மீ. காய்: 0.196 ÷ 144 = 0.14 விழுக்காடு

இடைவெளி பாதியானால் வாய்ப்பு கால்பங்காகிறது என்பதை இங்குக் காணலாம். நூறு குலுக்கலுக்குப் பிறகு 6 மி.மீ. காய்களில் 89 விழுக்காடு கீழே விழுந்திருக்கும். 7 மி.மீ. காய்களில் 42 விழுக்காடும், 7.5 மி.மீ. காய்களில் 13 விழுக்காடும் மட்டுமே விழுந்திருக்கும். ஐந்நூறு குலுக்கலில் 7 மி.மீ. காய்களில் 93 விழுக்காடு விழுந்துவிடும், 7.5 மி.மீ. காய்களில் பாதி அப்போதும் மேலே நிற்கும்.

உண்மையான காய் நீள்வடிவானது. துளையின் விளிம்பில் பட்டுச் சறுக்கியும் உள்ளே விழும். ஆகவே நடைமுறையில் விழும் வாய்ப்பு இதைவிடக் கூடும். ஆனால் கணக்கு காட்டும் போக்கு மாறாது: துளைக்கு மிகச் சிறிய காய் விரைவில் விழுந்துவிடும்; துளையின் அளவை நெருங்கிய காய் நெடுநேரம் சல்லடையிலேயே தங்கும். அவசரமாகச் சலித்த "8 மி.மீ." சரக்கில் ஏழரை மி.மீ. காய்கள் கலந்திருப்பது ஏமாற்று வேலையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. போதிய அளவு குலுக்காததாலும் அது நேரும். இயந்திரச் சலிப்புக்குப் பின்னும் கையால் பொறுக்கித் தரம் பிரிப்பதன் தேவையை இது விளக்குகிறது.

ஜீப்பும் தொழிலாளியும்

போடி, தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்காகத் தொழிலாளர்கள் நாள்தோறும் ஜீப்புகளில் மலையேறுகின்றனர். ஜீப்பைத் தவறவிட்டால் அன்றைய கூலி போய்விடும். வடிவியல் நிகழ்தகவில் சந்திப்புக் கணக்கு எனப்படும் வகைக்கு இது பொருத்தமான எடுத்துக்காட்டு.

ஜீப் காலை 5.30 முதல் 6.00 மணிக்குள் எந்த நேரத்திலும் சம வாய்ப்புடன் வந்து, 5 நிமிடம் நின்று புறப்படுகிறது என்று கொள்வோம். தொழிலாளியும் அதே அரை மணிக்குள் எந்த நேரத்திலும் வருகிறார். முன்னதாக வந்தால் ஜீப் வரும்வரை காத்திருப்பார். ஜீப் வரும் நேரத்தைக் கிடை அச்சிலும் தொழிலாளி வரும் நேரத்தைச் செங்குத்து அச்சிலும் குறித்தால், 30 × 30 = 900 அலகு பரப்புள்ள ஒரு சதுரம் கிடைக்கும். ஜீப் வந்து 5 நிமிடத்துக்கும் மேல் கழித்துத் தொழிலாளி வரும் நிலைகள், அச்சதுரத்தின் ஒரு மூலையில் செங்கோண முக்கோணமாக அமையும். அதன் இரு பக்கங்களும் 25, பரப்பு 312.5. எனவே ஜீப்பைத் தவறவிடும் நிகழ்தகவு 312.5 ÷ 900 = 34.7 விழுக்காடு.

ஜீப் 10 நிமிடம் நின்றால் முக்கோணத்தின் பக்கம் 20 ஆகக் குறையும்; நிகழ்தகவு 22.2 விழுக்காடு. ஜீப் 5 நிமிடமே நின்று, தொழிலாளி 10 நிமிடம் முன்னதாகக் கிளம்பினால் பக்கம் 15; நிகழ்தகவு 12.5 விழுக்காடு. ஜீப் ஒரு நிமிடம் கூடுதலாக நிற்பதும் தொழிலாளி ஒரு நிமிடம் முன்னதாக வருவதும் ஒரே பயன் தருகின்றன. பக்கம் சிறிது குறைந்தாலும் முக்கோணத்தின் பரப்பு இருமடியாகக் குறைவதால், சில நிமிட மாற்றமே பெரும் வேறுபாட்டை உண்டாக்குகிறது.

காட்டுத்தீயின் சுற்றளவும் பரப்பளவும்

2018 மார்ச் 11 அன்று போடிநாயக்கனூர் அருகே குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் சிக்கிக்கொண்டனர். 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தீயின் பரவலைப் புரிந்துகொள்ளச் சுற்றளவும் பரப்பளவும் வளரும் வேகங்களைப் பிரித்தறிய வேண்டும்.

சமதளத்தில் காற்றில்லாதபோது ஒரு புள்ளியில் தொடங்கிய தீ, எல்லாத் திசையிலும் நிமிடத்துக்கு 2 மீ பரவுகிறது என்று கொள்வோம். 10 நிமிடத்தில் அதன் ஆரம் 20 மீ. சுற்றளவு 126 மீ. எரிந்த பரப்பு சுமார் 31 சென்ட். 30 நிமிடத்தில் ஆரம் 60 மீ. சுற்றளவு 377 மீ. எரிந்த பரப்பு சுமார் 2.8 ஏக்கர். நேரம் மூன்று மடங்கானபோது சுற்றளவு மூன்று மடங்கும் பரப்பு ஒன்பது மடங்கும் ஆகின்றன. தீயணைப்போர் எதிர்கொள்வது சுற்றளவை. இழப்பு கணக்கிடப்படுவது பரப்பளவில். அணைக்கும் பணி சில நிமிடம் முன்னதாகத் தொடங்கினால் ஏற்படும் நன்மை இதனால் மிகப் பெரிது.

மலைச்சரிவில் இந்த வட்டக் கணக்கு பொருந்தாது. தீச்சுவாலை மேல்நோக்கிச் சாய்ந்து, சரிவில் மேலுள்ள காய்ந்த புல்லை முன்கூட்டியே சூடாக்குவதால், தீ மேல்நோக்கி மிக விரைவாகப் பரவும். எரியும் பகுதி வட்டமாக இல்லாமல் மேல்நோக்கி நீண்ட வடிவம் பெறும். சரிவில் தீக்கு மேலே இருப்பது ஏன் மிக ஆபத்தானது என்பதை இது விளக்கும்.

புள்ளிகளைக் கொண்டு பரப்பளவு

ஒழுங்கற்ற எல்லையுள்ள தோட்டம், கண்மாய் போன்றவற்றின் பரப்பளவை வடிவியல் நிகழ்தகவைத் திருப்பிப் பயன்படுத்திக் கண்டறியலாம். 1:5,000 அளவுள்ள வரைபடத்தில் 10 செ.மீ. பக்கமுள்ள சதுரம், நிலத்தில் 500 மீ பக்கமுள்ள சதுரத்தை, அதாவது 25 ஹெக்டேரைக் குறிக்கும். அதற்குள் 400 புள்ளிகளை இங்கும் அங்குமாகச் சமவாய்ப்புடன் இட்டு, தோட்டத்தின் எல்லைக்குள் விழுந்தவற்றை எண்ண வேண்டும். 148 புள்ளிகள் உள்ளே விழுந்தால் விகிதம் 0.37, பரப்பளவு 25 × 0.37 = 9.25 ஹெக்டேர்.

இது மதிப்பீடே. 400 புள்ளிகளில் திட்டப்பிழை சுமார் 0.6 ஹெக்டேர் ஆகும். பிழையைப் பாதியாகக் குறைக்க வேண்டுமானால் புள்ளிகளை நான்கு மடங்காக்க வேண்டும். இம்முறையில் கிடைப்பது பரப்பளவு மட்டுமே. வேலிக்குத் தேவையான சுற்றளவை இந்த எண்ணிக்கை சொல்லாது.

ஓர் இலக்கத்தின் விலை: ஏலமலைக் காப்புப் பகுதி

சுற்றளவுக்கும் பரப்பளவுக்கும் உள்ள வேறுபாடு பல்லாயிரம் குடும்பங்களின் நில உரிமையைத் தொடும் வழக்காக ஏலமலையிலேயே எழுந்தது. திருவிதாங்கூர் அரசு 1897 ஆகஸ்ட் 24 அன்று ஏலமலைக் காப்புப் பகுதி குறித்து அறிவிக்கை வெளியிட்டது. அதன் பரப்பளவு 15,720 ஏக்கர் என்பது கேரள அரசின் நிலைப்பாடு. 2,15,720 ஏக்கர் என்பது சுற்றுச்சூழல் அமைப்பினரின் வாதம். இரண்டு எண்களுக்கும் வேறுபாடு முன்னால் நிற்கும் ஒரே இலக்கம். 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இப்பகுதியில் புதிய பட்டா வழங்குவதற்கு இடைக்காலத் தடை விதித்தது.

மெட்ரிக் அலகில் 15,720 ஏக்கர் என்பது சுமார் 64 சதுர கி.மீ.; 2,15,720 ஏக்கர் என்பது சுமார் 873 சதுர கி.மீ. முன்னது 8 கி.மீ. பக்கமுள்ள சதுரத்துக்குச் சமம்; பின்னது ஏறத்தாழ 29.5 கி.மீ. பக்கமுள்ள சதுரத்துக்குச் சமம்.

காடுகள் குறித்த அறிவிக்கைகளில் பரப்பளவுடன் எல்லைகளையும் விவரிப்பது வழக்கம். பத்திரங்களில் செக்குபந்தி எனப்படும் நான்கெல்லை விவரமும் இதே நோக்கம் கொண்டது. எல்லை விவரமும் பரப்பளவு எண்ணும் முரண்பட்டால் எல்லை விவரமே மேலோங்கும் என்பது இந்திய நீதிமன்றங்கள் பொதுவாகப் பின்பற்றும் கொள்கை. இதற்குக் கணித அடிப்படையும் உண்டு: எல்லை முழுமையாகத் தெரிந்தால் பரப்பளவைக் கணக்கிட்டுவிடலாம். பரப்பளவு மட்டும் தெரிந்தால் எல்லை எங்கே செல்கிறது என்று சொல்ல முடியாது.

எல்லையின் மொத்த நீளம் மட்டும் தெரிந்தால் என்ன சொல்லலாம் என்பதற்குச் சமச்சுற்றளவுத் தேற்றம் விடை தருகிறது. 64 சதுர கி.மீ. பரப்பை அடைக்கக் குறைந்தது 28 கி.மீ. எல்லை வேண்டும். 873 சதுர கி.மீ. பரப்பை அடைக்கக் குறைந்தது 105 கி.மீ. வேண்டும். எனவே ஓர் எல்லைக்கோடு 105 கி.மீட்டருக்குக் குறைவாக இருந்தால் பெரிய எண் பொருந்தவே பொருந்தாது. ஆனால் எல்லை 105 கி.மீட்டரைவிட நீளமாக இருப்பதால் மட்டும் பெரிய எண் மெய்ப்பிக்கப்பட்டுவிடாது. நெளிந்து வளைந்த நீண்ட எல்லை சிறிய பரப்பையும் சூழலாம். சுற்றளவு பரப்பளவுக்கு ஓர் உச்ச வரம்பை மட்டுமே தருகிறது.

சிறிய பகுதி பெரிய பகுதிக்குள் அடங்கியது என்று கொண்டால், பெரிய பகுதியில் சமவாய்ப்புடன் தேர்ந்த ஓர் இடம் சிறிய பகுதிக்குள்ளும் இருக்கும் நிகழ்தகவு 15,720 ÷ 2,15,720, அதாவது சுமார் 7.3 விழுக்காடு. ஒரு குறிப்பிட்ட தோட்டத்தின் உரிமையாளருக்கு இந்த விழுக்காடு பயன்படாது. அவருடைய நிலம் நிலையான ஓரிடத்தில் இருக்கிறது. எல்லைக்கோடு அதற்கு எந்தப் பக்கம் செல்கிறது என்பதே அவருக்குரிய கேள்வி.

வடிவியல் நிகழ்தகவின் வரம்புகள்

"சம வாய்ப்பு" என்ற கொள்கை பொருந்தாத இடத்தில் பரப்பளவு விகிதம் தவறான விடை தரும். முந்தலிலிருந்து போடிமெட்டு வரையுள்ள மலைச்சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மண்சரிவு சாலையின் எந்த இடத்திலும் சம வாய்ப்புடன் நிகழும் என்று கொண்டால், சாலையில் பத்தில் ஒரு பங்கு நீளமுள்ள பகுதியில் அது நிகழும் வாய்ப்பு பத்து விழுக்காடு. ஆனால் மண்சரிவு செங்குத்தான வெட்டுச் சரிவுகளிலும் நீர் வழிந்தோடும் இடங்களிலுமே மிகுதியாக நிகழ்கிறது. யானை வருவதும் அதன் வழக்கமான வழித்தடத்தில்தான். ஏக்கர் கணக்கில் அன்று.

சம வாய்ப்பு என்பதற்கே ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்கள் இருக்கலாம் என்பதை, பிரெஞ்சுக் கணிதவியலாளர் பெர்த்ரான் 1889-இல் வெளியிட்ட முரண்புதிர் காட்டியது. ஒரு வட்டத்தில் சமவாய்ப்புடன் வரைந்த நாண், வட்டத்துக்குள் அமையும் சமபக்க முக்கோணத்தின் பக்கத்தைவிட நீளமாக இருக்கும் வாய்ப்பு என்ன என்பது கேள்வி. நாணை எவ்வாறு தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்து இதற்கு மூன்றில் ஒன்று, இரண்டில் ஒன்று, நான்கில் ஒன்று என மூன்று விடைகள் கிடைக்கும்.

ஆகவே ஒரு கணக்கைத் தொடங்கும் முன் மூன்று கேள்விகளைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்: தேவைப்படுவது எல்லையின் நீளமா, உள்ளடங்கிய பரப்பா, பரப்பு என்றால் அது கிடைமட்டத்தில் அளந்ததா, சரிவில் அளந்ததா, வாய்ப்பைப் பேசினால் எல்லா இடமும் உண்மையிலேயே சமமானதா.